ஜூ ட்ஸுச்சிங்: வாழ்வும் உரைநடையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூ ட்ஸுச்சிங் யார்?

நவீனச் சீன உரைநடையின் முதல் தலைமுறையைச் சேர்ந்த கட்டுரையாளர். 1898 நவம்பர் 22 அன்று ஜியாங்சு மாநிலத்தின் தோங்ஹாயில் பிறந்து, அதே மாநிலத்தின் பழைய நகரமான யாங்ச்சோவில் வளர்ந்தார். தன்னை யாங்ச்சோக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து 1920 இல் பட்டம் பெற்றார். ஐந்தாண்டுகள் ஹாங்ச்சோ, தாய்ச்சோ, வென்ச்சோ, நிங்போ எனத் தென்கிழக்கு ஊர்களின் பள்ளிகளில் ஆசிரியராக அலைந்தார். 1925 இல் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் சீன இலக்கியப் பேராசிரியரானார். 1948 ஆகஸ்ட் 12 அன்று, ஐம்பது வயது நிரம்பும் முன்பே, வயிற்றுப்புண் நோயால் இறந்தார். சீனாவில் பள்ளிக்கூடம் சென்ற எவரும் அவருடைய ஒரு கட்டுரையையாவது பாடமாகப் படித்திருப்பார்கள்.

அது அவருடைய இயற்பெயரா?

இல்லை. வீட்டில் இட்ட பெயர் ட்ஸுஹுவா. 1917 இல், குடும்பத்தின் பொருள்நிலை சரிந்திருந்த நேரத்தில், ஓராண்டு முன்னதாகவே பட்டப்படிப்பில் சேரத் தேர்வு எழுதியபோது பெயரை ட்ஸுச்சிங் என்று மாற்றிக்கொண்டார். 'தன்னைத் தூய்மையாக வைத்திருத்தல்' என்னும் பொருள் தரும் அச்சொல், 'சூ நாட்டுப் பாடல்கள்' என்னும் பழந்தொகுப்பில், நேர்மையாக வாழ்ந்து தூய்மை காப்பதா என்று கேட்கும் ஒரு வரியிலிருந்து எடுக்கப்பட்டது. கூடவே பெய்சியென் என்ற சிறப்புப் பெயரையும் சூடிக்கொண்டார். 'வில்நாணை அணிதல்' என்பது அதன் பொருள். மந்தமான இயல்புடைய ஒருவர் தன்னை விரைவுபடுத்திக்கொள்வதற்காக இறுகிய வில்நாணை இடுப்பில் அணிந்திருந்தார் என்று ஹான் ஃபெய்ட்ஸு என்னும் பழைய நூல் கூறுகிறது. பத்தொன்பது வயதுகூட நிரம்பாத இளைஞர், தனது குறையென்று தாம் நினைத்ததைப் பெயராகவே சூடிக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். தன்மீதே கண் வைத்துக் கணக்குக் கேட்கும் இந்தப் பழக்கம் அவருடைய கட்டுரைகள் அனைத்திலும் தொடர்ந்து வருகிறது.

சீனர்கள் 'சன்வென்' என்று சொல்வது நம்முடைய கட்டுரைதானா?

ஏறக்குறைய அதுதான், ஆனால் சொல்லிலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. தமிழில் கட்டுரை என்பது கட்டப்பட்ட உரை. சீனச் சொல்லோ கட்டவிழ்ந்த எழுத்து என்று பொருள் தருகிறது. யாப்பும், வரிகளை இணையிணையாக அமைக்கும் கட்டுப்பாடும் இல்லாதது என்பதே அதன் பழைய கருத்து. நினைவுக்குறிப்பு, பயணம், இயற்கை வருணனை, கடிதம், இரங்கல் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும். வாதத்தை நிறுவுவது அதன் முதல் வேலை அன்று.

1919 இல் மாணவர் போராட்டமாகத் தொடங்கிய மே 4 இயக்கத்தையொட்டி, செவ்வியல் நடையைக் கைவிட்டு மக்கள் பேசும் மொழியில் எழுதுவது என்ற முயற்சி வலுப்பெற்றது. சிறுகதைக்கும் புதுக்கவிதைக்கும் மேலை நாட்டு முன்மாதிரிகள் இருந்தன. உரைநடைக்கோ நெடிய சொந்த மரபு இருந்தது. அதனால் பேச்சுமொழியும் அந்த மரபுக்கு ஈடான அழகைத் தாங்கும் என்று காட்ட வேண்டிய பொறுப்பு கட்டுரையாளர்கள்மேல் விழுந்தது. அந்தப் பொறுப்பை மிகுந்த கவலையோடு சுமந்தவர்களில் ஒருவர் ஜூ ட்ஸுச்சிங்.

அவர் ஏன் கவிதையை விட்டுக் கட்டுரைக்கு வந்தார்?

தொடக்கத்தில் அவர் அறியப்பட்ட கவிஞரே. யே ஷெங்தாவ், யு பிங்போ முதலான நண்பர்களோடு சேர்ந்து 1922 இல் கவிதைக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார். 1928 இல் வெளிவந்த 'பின்னுருவம்' தொகுப்பின் முன்னுரையில், தாம் பெரிய காலத்தின் ஒரு சிறு படைவீரன் என்றும், இருபத்தைந்து வயதுக்கு முன் கவிதை எழுத விரும்பியதாகவும், பின்னர் கவியுணர்வு வற்றிவிட்டதாகவும் எழுதினார். அவர் பணிவுக்காக அப்படிச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினார் என்று நினைக்கிறேன். கவிதையில் அவர் கைவிட்டது யாப்பை மட்டுமே. சொல்லை எடைபோடும் பழக்கம் அப்படியே உரைநடைக்கு வந்துவிட்டது.

1922 மார்ச்சில் எழுதிய 'விறுவிறுவென' என்ற சிறு கட்டுரையில் அந்த மாற்றத்தைக் காணலாம். குருவிகள் போனால் திரும்பி வரும், வில்லோ மரங்கள் வாடினால் மீண்டும் துளிர்க்கும், நாட்கள் மட்டும் ஏன் திரும்புவதில்லை என்று கேட்டுவிட்டு, தன் கையிலிருந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள் நழுவிவிட்டன என்று எண்ணிச் சொல்கிறார். அன்று அவருக்கு வயது 23. கணக்குப் போட்டால் எண் சரியாகவே வரும். கை கழுவும்போது நாள் பாத்திரத்தின் வழியே போகிறது, சோறு உண்ணும்போது கிண்ணத்தின் வழியே போகிறது என்று எழுதுகிறார்.

'பின்னுருவம்' கட்டுரையில் அப்படி என்ன இருக்கிறது?

சுமார் 1,500 சீன எழுத்துகளே கொண்ட கட்டுரை. 1925 அக்டோபரில் எழுதப்பட்டது. அது சொல்லும் நிகழ்ச்சி எட்டாண்டுகள் முன்பு, 1917 குளிர்காலத்தில் நடந்தது.

அந்தக் குளிர்காலத்தில் பாட்டி இறந்தார். அதே நேரத்தில் சூச்சோ நகரில் தந்தை பார்த்த அரசு வேலையும் பறிபோனது. பெய்ஜிங்கிலிருந்து வந்த மகன், முற்றமெங்கும் பொருள்கள் சிதறிக் கிடப்பதைக் கண்டு அழுகிறார்; நடந்தது நடந்துவிட்டது, வருந்தாதே, வானம் எல்லா வழியையும் அடைத்துவிடாது என்கிறார் தந்தை. விற்றும் அடகு வைத்தும் பழைய கடனை அடைத்து, புதுக்கடன் வாங்கி ஈமச்சடங்கை முடித்த பின், தந்தை வேலை தேடி நான்ஜிங்குக்கும் மகன் படிப்புக்காகப் பெய்ஜிங்குக்கும் புறப்படுகின்றனர். யாங்ட்ஸி ஆற்றுக்கு நான்ஜிங்கில் அன்று பாலம் இல்லை. 1968 இல்தான் வந்தது. ஆகவே வடக்கே செல்லும் இரயிலைப் பிடிக்கப் படகில் ஆற்றைக் கடந்து பூகோவ் நிலையத்துக்குப் போக வேண்டும்.

வேலை இருப்பதால் வழியனுப்ப வரவில்லை என்று தந்தை முதலில் சொல்கிறார். விடுதிப் பணியாளரிடம் திரும்பத் திரும்ப அறிவுரை கூறுகிறார். கடைசியில் மனம் கேளாமல் தாமே வருகிறார். சுமைகூலியிடம் பேரம் பேசுகிறார். அவர் பேசும் விதம் நயமாக இல்லையே என்று மகனுக்குக் கூச்சம். அன்று நான் மிகவும் புத்திசாலியாக இருந்தேன் என்று பின்னாளைய ஜூ கசந்துகொள்கிறார். பெட்டியில் இடம் பார்த்து உட்காரவைத்த பிறகு, கமலா ஆரஞ்சு வாங்கி வருகிறேன், இங்கேயே இரு, நகராதே என்று சொல்லிவிட்டுத் தந்தை இறங்குகிறார். பழக்கடை எதிர் நடைமேடைக்கு அப்பால் இருக்கிறது. கருந்துணித் தொப்பியும் கருப்பு மேற்சட்டையும் கருநீலப் பஞ்சு அங்கியும் அணிந்த பருத்த மனிதர், தண்டவாளத்தைக் கடந்து, இரு கைகளையும் மேடையின் விளிம்பில் ஊன்றி, கால்களை மேலே இழுத்து, உடலை இடப்பக்கம் சாய்த்து முயன்று ஏறுகிறார். மகன் அதைப் பின்னாலிருந்து பார்க்கிறார். கண்ணீர் வருகிறது, தந்தை பார்த்துவிடக் கூடாதென்று துடைத்துக்கொள்கிறார்.

கட்டுரையின் மையம் இவ்வளவே. அன்பு, தியாகம் போன்ற சொற்களை எழுதாமல், கைகள் எங்கே ஊன்றின, கால்கள் எப்படி மேலே வந்தன, உடல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று வினைச்சொற்களை மட்டும் அடுக்குகிறார். மகனுக்குத் தந்தையின் முகம் தெரியாத நேரத்தில் தந்தை யார் என்பது தெரிகிறது.

தமிழில் அதன் தலைப்பை எப்படிச் சொல்வது?

'பெய்யிங்' என்ற சீனத் தலைப்பில் முதற்சொல் முதுகு, இரண்டாவது சொல் நிழல் அல்லது உருவம். முதுகுப்புறம் என்றால் உடலின் ஒரு பகுதியாகிவிடுகிறது. பின்தோற்றம் என்றால் யார் வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். சீனச் சொல்லில் விலகிப் போகும் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவரும் இருக்கிறார். 'பின்னுருவம்' என்பதை வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை இந்தப் பக்கத்தில் பயன்படுத்துகிறோம்.

எட்டாண்டுகள் கழித்து ஏன் எழுதினார்?

இந்தக் கேள்விக்கு அவரே 1947 இல் ஓர் இதழாசிரியருக்குப் பதில் சொல்லியிருக்கிறார்: தந்தையிடமிருந்து வந்த கடிதத்தின் ஒரு வரிதான் காரணம், அதைப் படித்தபோது கண்ணீர் ஊற்றெடுத்தது, நடந்ததை நடந்தபடியே எழுதினேன் என்றார். அந்த வரி கட்டுரையின் இறுதியில் இருக்கிறது. உடல் நலமாக இருக்கிறேன், தோள் மட்டும் கடுமையாக வலிக்கிறது, உணவுக்குச்சியைத் தூக்கவும் தூரிகையைப் பிடிக்கவும் சிரமம், பெரும் புறப்பாட்டு நாள் தொலைவில் இல்லை போலும் என்று தந்தை எழுதியிருந்தார். நலமாக இருக்கிறேன் என்று தொடங்கிய வாக்கியம் சாவில் முடிகிறது. பேச்சுமொழிக் கட்டுரையின் நடுவே இந்த வரி மட்டும் செவ்வியல் நடையில் இருக்கிறது. தந்தையின் தலைமுறை கடிதம் எழுதிய மொழி அது. அந்த நடையை மாற்றாமல் அப்படியே பதித்ததால் தந்தையின் குரலே பக்கத்தில் கேட்கிறது.

பின்னணியில் ஒரு பிணக்கும் இருந்தது. யாங்ச்சோவில் ஆசிரியராக இருந்தபோது மகனின் சம்பளம் தந்தையின் ஏற்பாட்டால் நேரே வீட்டுக்குப் போய்விட்டதும், மனம் வெறுத்து அவர் ஊரைவிட்டு வெளியேறியதும், பின்னொரு முறை மனைவி மக்களோடு வீடு திரும்பியபோது தந்தை உள்ளே விட மறுத்ததும் வாழ்க்கை வரலாறுகளில் பதிவாகியுள்ளன. கட்டுரையில் இவற்றில் எதுவும் இல்லை. வீட்டுச் சில்லறைத் தொல்லைகளால் தந்தை சினம் கொள்ளத் தொடங்கினார், முன்போல் என்னிடம் நடந்துகொள்ளவில்லை, ஆனால் பார்க்காத இந்த இரண்டு ஆண்டுகளில் என் குறைகளை மறந்துவிட்டார் என்று இரண்டே வாக்கியங்களில் கடந்துவிடுகிறார். குற்றத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட சமாதானக் கடிதமாகவே நான் இதைப் படிக்கிறேன்.

அந்தக் கட்டுரை தந்தையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா?

சேர்ந்தது. 1928 இல் தொகுப்பு நூலாக வந்தபோது அதன் படி யாங்ச்சோ வீட்டுக்கு வந்தது என்றும், தந்தை நாற்காலியைச் சன்னல் அருகே நகர்த்தி, கண்ணாடி அணிந்து, மெல்ல வாய்விட்டுப் படித்தார் என்றும், கைகள் நடுங்கின என்றும் ஜூவின் தம்பி நினைவுகூர்ந்திருக்கிறார். பெரும் புறப்பாடு பற்றி எழுதிய அந்தத் தந்தை 1945 வரை வாழ்ந்தார்.

தண்டவாளத்தைக் கடக்கும் தந்தையைப் பாடநூலில் வைக்கலாமா என்ற விவாதம் உண்மையா?

உண்மை. அச்செயல் போக்குவரத்து விதிக்கு மாறானது என்றும், தந்தையின் தோற்றம் கவர்ச்சியாக இல்லை என்றும் சில மாணவர்களும் ஆசிரியர்களும் கூறியதால் சீனாவில் பெரிய விவாதம் எழுந்தது. பருத்த உடலும் தடுமாற்றமும் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையே இல்லை என்பதுதான் என் பதில்.

தம் பிள்ளைகளுக்கு அவர் நல்ல தந்தையாக இருந்தாரா?

அவரே இல்லை என்று எழுதினார். 1928 இல் எழுதிய 'பிள்ளைகள்' கட்டுரை, 'பின்னுருவம்' படித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. அப்போது அவருக்கு ஐந்து குழந்தைகள். சாப்பாட்டு நேரம் நாளுக்கு இருமுறை அலை வருவதுபோல் வரும். யாருக்கு எந்த முக்காலி, யாருக்குப் பெரிய கிண்ணம் என்று சண்டை மூளும். தந்தை முதலில் நியாயம் பேசுவார், பிறகு அதட்டுவார், அதற்கும் அடங்காவிட்டால் அடிப்பார். இதையெல்லாம் வேடிக்கையாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதோடு நிறுத்தவில்லை. நன்றாக நடக்கப் பழகாத ஒரு பெண் குழந்தை தாயை விடாமல் ஒட்டிக்கொண்டது பொறுக்காமல், அதை மூன்று நான்கு நிமிடம் சுவர் மூலையில் அழுத்திப் பிடித்ததையும், குழந்தை பல நாள் நோயுற்றதையும், மனைவி நெஞ்சம் உறைந்துபோனதாகச் சொன்னதையும் பதிவுசெய்கிறார்.

அதே கட்டுரையில் அவருடைய தந்தையின் இன்னொரு கடித வரி வருகிறது. பேரனைக் குறித்து, நான் உன்னைக் கெடுக்கவில்லை, நீயும் அவனைக் கெடுத்துவிடாதே என்று கிழவர் எழுதியிருக்கிறார். அந்த வரிக்காக அழுததாகவும், தந்தையின் இரக்கம் தனக்கு ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டதாகவும் ஜூ எழுதுகிறார். மகனாக நின்று எழுதிய கட்டுரையும் தந்தையாக நின்று எழுதிய கட்டுரையும் இந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன. அவருடைய உரைநடையின் முதன்மையான பொருள் என்ன என்று கேட்டால், பிந்தி வரும் புரிதல் என்றே சொல்வேன்: அருகில் இருந்தபோது காணத் தவறியதை, அகன்ற பிறகு மிகத் துல்லியமாகக் காண்பது.

மனைவியைப் பற்றி எழுதியிருக்கிறாரா?

முதல் மனைவி வூ சொங்ச்சியெனை 1916 இல் மணந்தார்; அவர் நுரையீரல் நோயால் 1929 இல் இறந்தார். மூன்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட 'மறைந்த மனைவிக்கு' முழுவதும் அவரை நேராக விளித்துப் பேசும் கட்டுரை. பன்னிரண்டு ஆண்டு மணவாழ்வில் பதினோரு ஆண்டுகள் பிள்ளைகளுக்கே போய்விட்டன என்று சொல்லிவிட்டு, அவர் தன் நோயை மறைத்ததை, கணவனின் காலடி கேட்டதும் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துகொண்டதை ஒவ்வொன்றாக நினைவூட்டுகிறார்.

இதில் வேண்டுமென்றே ஐரோப்பியச் சாயல் இல்லாத வாய்மொழியை முயன்று பார்த்ததாக ஜூ குறிப்பிட்டார். அக்காலச் சீன எழுத்தில் மொழிபெயர்ப்பின் தாக்கத்தால் நீண்ட அடைமொழித் தொடர்கள் பெருகியிருந்தன. இறந்த மனைவியிடம் பேசும்போது அப்படிப்பட்ட மொழி வாயில் வராது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதனாலேயே வாக்கியங்கள் குட்டையாக, சமையலறையில் நின்று பேசுவதுபோல் இருக்கின்றன. 1932 இல் சென் ஜூயினை மணந்தார். அந்த ஆண்டிலேயே இக்கட்டுரையும் எழுதப்பட்டது.

'தாமரைக் குளத்தில் நிலவொளி' ஒரு வருணனைக் கட்டுரை மட்டுமா?

1927 ஜூலையில் எழுதப்பட்டது. இந்த நாட்களில் மனம் அமைதியாக இல்லை என்பதே அதன் தொடக்கம். மனைவி குழந்தையைத் தட்டித் தாலாட்டிக்கொண்டிருக்க, எழுத்தாளர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு சிங்ஹுவா வளாகத்தின் குளத்தைச் சுற்றி நடக்கிறார். சில மாதங்கள் முன்பு, ஏப்ரலில், தேசியவாதத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் படைகள் ஷாங்காயில் இடதுசாரிகளை வேட்டையாடியிருந்தன. அமைதியின்மைக்கு அதுவே காரணம் என்று சீனப் பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்தன. வீட்டுச் சுமையும் யாங்ச்சோவில் விட்டுவந்த உறவுகளும்கூடக் காரணமாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதினர். ஜூ காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லாததை நாமும் நிரப்ப வேண்டியதில்லை.

அந்தத் தாமரை நாம் அறிந்த தாமரையேதான். இலைகள் ஆடுமகளின் பாவாடைபோல் விரிந்திருக்கின்றன. மெல்லிய மணம், தொலைவிலுள்ள உயர்ந்த மாடத்திலிருந்து வரும் பாடலைப்போல் விட்டுவிட்டு வருகிறது. நிலவும் நிழலும் சேர்வது வயலின் இசைபோல் இருக்கிறது. மூக்குக்கு வருவதைச் செவிக்கும் கண்ணுக்கு வருவதை இசைக்கும் மாற்றும் உவமைகள் இவை. பின்னர் தென்னாட்டின் பழைய தாமரை பறிக்கும் விழாப் பாடல்கள் நினைவுக்கு வருகின்றன. நடந்து நடந்து தன் வீட்டுக் கதவுக்கே வந்துவிடுகிறார். மனைவி எப்போதோ உறங்கிவிட்டார்.

இரவில் சிள்வண்டு பாடுமா என்ற விவாதம் என்ன?

மேற்கண்ட கட்டுரையில், அந்நேரம் மிகவும் ஆரவாரமாக இருந்தவை மரத்துச் சிள்வண்டுகளும் நீர்த்தவளைகளும் என்று ஒரு வாக்கியம் உண்டு. சிள்வண்டு இரவில் பாடாதே என்று ஒரு வாசகர் கடிதம் எழுதினார். ஜூ பலரைக் கேட்டார். பெரும்பாலோர் பாடாது என்றனர். சிங்ஹுவாவின் பூச்சியியலாளர் லியு சொங்லெயை அணுகியபோது, அவர் ஒரு நூலிலிருந்து பகுதியொன்றை எடுத்தெழுதித் தந்தார்: வழக்கமாகச் சிள்வண்டு இரவில் பாடுவதில்லை, ஆனால் ஒரு நிலவிரவில் அதன் குரல் கேட்டது என்று அதில் இருந்தது. அதை விதிவிலக்கு என்று எண்ணி, மறுபதிப்பில் அந்த வாக்கியத்தை நீக்கிவிடுவதாக வாசகருக்கு எழுதினார். பின்னர் அவர் தாமே இரவில் சிள்வண்டின் குரலைக் கேட்டார்; ஒருமுறை அல்ல, இருமுறை. கவனிப்பது எளிதன்று, பொதுவழக்கை நம்பி விதிவிலக்கைத் தவறவிடுகிறோம் என்று இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். வாக்கியம் அப்படியே இருக்கிறது.

ஒரு வாக்கியத்துக்காக இத்தனை ஆண்டு உழைப்பா என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த நிகழ்ச்சியால்தான் அவர் மீது எனக்கு மதிப்பு கூடியது.

யு பிங்போவும் அவரும் ஒரே தலைப்பில் எழுதிய கட்டுரைகள் எவை?

1923 ஆகஸ்டில் இருவரும் நான்ஜிங்கின் ச்சின்ஹுவாய் ஆற்றில் ஓரிரவு படகில் சென்றனர். 'துடுப்பொலியிலும் விளக்கொளியிலும் ச்சின்ஹுவாய் ஆறு' என்ற ஒரே தலைப்பில் தனித்தனியே எழுதினர். இரண்டும் 1924 ஜனவரியில் ஒரே இதழில் வெளிவந்தன. பாடல் மகளிரின் படகு அருகே வந்து பாட்டுப் பட்டியலை நீட்டியபோது இருவருமே மறுக்கின்றனர். கேட்க ஆசை, ஆனால் விலைக்குப் பாடும் பெண்ணைக் கேட்பது தகாது என்ற கட்டுப்பாடு. மறுத்தபின் அவளை அவமதித்துவிட்டோமோ என்ற உறுத்தல். ஜூவின் கட்டுரையில் ஆறும் விளக்கும் எவ்வளவு அழகாக இருந்தாலும், நிலைத்து நிற்பது இந்தச் சங்கடமே. யு பிங்போ அதைத் தத்துவமாக ஆக்கித் தணித்துக்கொள்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே காட்சி இரு மனங்களில் எப்படி வேறாகிறது என்பது விளங்கும்.

சமூகத்தைப் பற்றி அவர் எழுதவில்லையா?

எழுதினார். 1924 இல் எழுதிய ஒரு கட்டுரை, ஐந்து வயதுச் சிறுமி எழுபது காசுக்கு, அதாவது ஏழு ஜியாவோ வெள்ளிக்கு, விற்கப்பட்டதைக் கூறுகிறது. அவளுடைய முகத்தில் மற்றக் குழந்தைகளின் முகத்தில் இல்லாத எதையும் தன்னால் காண முடியவில்லை என்கிறார். 1925 கட்டுரையொன்றில் ஷாங்காய் டிராம் வண்டியில், பதினொன்று பன்னிரண்டு வயது வெள்ளையர் சிறுவனை அழகு கருதி உற்றுப் பார்க்கிறார். இறங்கும்போது அவன் முகத்தை நெருங்கிக் கொண்டுவந்து கொடூரமாக முறைத்துவிட்டுப் போகிறான். அந்த முறைப்பில் ஒரு பேரரசு இருந்ததைக் கண்டு நடுங்குகிறார்.

1926 மார்ச் 18 அன்று பெய்ஜிங்கில் அன்றைய ஆட்சித் தலைவர் துவான் சிருயின் அரசு, ஊர்வலம் வந்தவர்கள்மேல் சுட்டதில் 47 பேர் இறந்தனர். ஜூ அந்தக் கூட்டத்தில் இருந்தார். தரையில் படுத்திருந்தபோது மேலே இருந்தவரின் வெதுவெதுப்பான குருதி தன் கையிலும் சட்டையிலும் சொட்டியதை எழுதினார். செய்திகளிலும் அரசு அறிக்கையிலும் இருந்த பிழைகளைத் திருத்துவதற்காகவே, தான் கண்டதையும் காணாததையும் பிரித்துச் சொல்லும் சாட்சியமாக அக்கட்டுரையை அமைத்தார்.

ஐரோப்பியப் பயணக் கட்டுரைகள் படிக்கத் தக்கவையா?

1931–32 இல் அவர் இலண்டனில் படித்து, ஐரோப்பாவின் பல நகரங்களைச் சுற்றிவந்தார். 1934 இல் ஐரோப்பியக் குறிப்புகளும் 1943 இல் இலண்டன் குறிப்புகளும் நூலாயின. 'நான்' என்ற சொல்லைக் கூடியவரை தவிர்த்ததாகவும், 'இருக்கிறது', 'உள்ளது' என்ற ஒரே மாதிரி முடியும் வாக்கியங்களை மாற்றி மாற்றி அமைப்பதே மிகவும் கடினமாக இருந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். உரைநடை எழுதப் பழகுவோர்க்கு இவை நல்ல பாடம். மனத்தைத் தொடுபவை என்று சொல்ல மாட்டேன்.

அவருடைய நடையைக் குறை கூறியவர்கள் உண்டா?

நெருங்கிய நண்பரான யே ஷெங்தாவே, 'விறுவிறுவென', 'தாமரைக் குளம்' முதலான தொடக்கக் கட்டுரைகளில் அணிநயம் மிகுந்து இயல்பு குறைந்திருக்கிறது என்று அவர் மறைந்தபின் எழுதிய நினைவுக் கட்டுரையில் கூறினார். கவிஞர் யு குவாங்சுங் 1977 இல் இன்னும் கடுமையாக, உவமைகள் எளிதானவை, பெண்ணுருவங்களையே சுற்றி வருபவை என்று விமர்சித்தார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. குளத்துத் தாமரைக்கு அடுக்கடுக்காக உவமை தேடும் கையைவிட, தந்தையின் கால்கள் மேலே வருவதைப் பார்க்கும் கண்ணே பெரிது. 1933 இல் எழுதிய 'குளிர்காலம்' என்ற சிறு கட்டுரையில், கொதிக்கும் பானையிலிருந்து தந்தை சோயாக் கட்டித் துண்டுகளைக் குச்சியால் எடுத்து ஒவ்வொரு பிள்ளையின் தட்டிலும் வைக்கிறார். அங்கே உவமை மிகக் குறைவு; சூடு மட்டும் இருக்கிறது.

பட்டினி கிடந்து இறந்தார் என்பது சரியா?

1949 ஆகஸ்டில் மா சேதுங் எழுதிய கட்டுரையொன்று, கடும் நோயிலும் அமெரிக்க நிவாரண உணவை ஏற்காமல் பட்டினியால் இறப்பதையே தேர்ந்தார் என்று அவரைப் புகழ்ந்தது. அதிலிருந்து இக்கருத்து பரவியது. இறப்புக்குக் காரணம் நெடுநாளைய வயிற்றுப்புண் துளைபட்டது. ஆகஸ்ட் 6 அன்று அறுவை நடந்தது, ஆறு நாளில் உயிர் பிரிந்தது.

ஆனால் அவர் செய்தது சிறிய செயல் அன்று. ஜப்பானை மீண்டும் வளர்க்கும் அமெரிக்கக் கொள்கையை எதிர்த்து, அந்நாடு வழங்கிய சலுகை விலை மாவை மறுக்கும் அறிக்கையில் 1948 ஜூனில் கையெழுத்திட்டார். இதனால் மாதம் அறுபது இலட்சம் யுவான் இழப்பு, குடும்பத்தைப் பெரிதும் பாதிக்கும், ஆயினும் கையெழுத்திட முடிவு செய்தேன் என்று நாட்குறிப்பில் எழுதினார். பணவீக்கம் உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. வீட்டில் பல குழந்தைகள். உடல் எடை நாற்பது கிலோவுக்கும் கீழே இறங்கியிருந்தது. பட்டினிக் கதையைவிட, இழப்பை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்ட இந்த நாட்குறிப்பு வரியே அவரை நன்கு காட்டுகிறது.

ஜப்பானுடனான போர்க்காலத்தில் எங்கே இருந்தார்?

தென்மேற்குச் சீனாவின் குன்மிங்கில், போரால் இடம்பெயர்ந்த பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய தென்மேற்குக் கூட்டுப் பல்கலைக்கழகத்தில். 1942 குளிர்காலத்தில் பஞ்சு அங்கி தைக்கப் பணமின்றி, குதிரை ஓட்டுவோர் அணியும் கம்பளிப் போர்வையைச் சந்தையில் வாங்கி, அதைப் போர்த்திக்கொண்டே வகுப்புக்குச் சென்றார். இரவில் அதை விரித்துப் படுத்தார். 1946 ஜூலையில் நண்பரும் கவிஞருமான வென் யிதுவோ சுட்டுக் கொல்லப்பட்ட பின், அவருடைய முழு எழுத்துகளையும் பதிப்பிக்கும் பணியைத் தாமே ஏற்று, தம் கடைசி இரண்டு ஆண்டுகளை அதில் செலவிட்டார்.

எந்த வரிசையில் படிக்கலாம்?

'பின்னுருவம்', அதன்பின் உடனே 'பிள்ளைகள்', பிறகு 'மறைந்த மனைவிக்கு'. இந்த மூன்றையும் ஒரே மாலையில் படித்துவிடலாம். 'தாமரைக் குளம்' நான்காவதாக இருக்கட்டும். மனைவியைப் பற்றிய கட்டுரையைப் படித்தவர்களுக்கு, அதன் தொடக்கத்தில் தாலாட்டுப் பாடுபவரும் கடைசி வரியில் உறங்கிக்கொண்டிருப்பவரும் யார் என்று தெரிந்திருக்கும்.